முட்டிக்கு மேல் வராத பந்து

1

வங்கதேச அணி எங்காவது தோற்றால் மறுநாள் காலை எனக்கு ஒரு போன் வரும். சோமனூரில் தறி ஓட்டும் என் பெரியப்பா மகன் பழனிச்சாமி அண்ணன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

"ஏனப்பா சுந்தரம், உங்காளுக நேத்தும் கவுந்துபோட்டாங்களாட்ட இருக்குது?"

"என்ற ஆளுக எப்பிடீண்ணா ஆவாங்க?"

"பதினெட்டு வருசமா அங்கதான சோறு திங்கற. பொறவு யாராளுக?"

நான் கருமத்தம்பட்டிக்காரன். டாக்காவுக்கு வடக்கே காஜிபூரில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில் ஆட்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. இரண்டு வருடம் என்று வருவோம். நான் அப்படித்தான் வந்தேன்.

போன மாதம் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். படிவத்தில் 'நாடு திரும்பும் உத்தேச தேதி' என்று ஒரு கட்டம் உண்டு. பதினெட்டு முறையும் அடுத்த வருடத்துத் தேதியைத்தான் எழுதியிருக்கிறேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் பழைய படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. முத்திரை குத்திவிட்டு, பக்கத்து மேசைக்காரரின் போனில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தைக் காட்டிக் கேட்டார்.

"நீங்க இந்தியர். சொல்லுங்க, எங்க பசங்க வெளிநாடு போனா ஏன் இப்படி ஆகுது?"

அவர் கேட்டது வங்காளத்தில். இந்தக் குறிப்பில் வரும் வங்காளப் பேச்சையெல்லாம் நம் பேச்சில்தான் எழுதப்போகிறேன். எனக்கே இப்போது இரண்டுக்கும் இடையில் எங்கே தாண்டுகிறேன் என்பது சரியாகத் தெரிவதில்லை.

"தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது முழு உண்மை இல்லை.

இவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று ஊரில் யாராவது நினைத்தால் தவறு. அறுவடை முடிந்த வயல் ஒன்றுகூட ஸ்டம்ப் இல்லாமல் இருக்காது. எங்கள் மில்லில் ஆட்டம் நடக்கும் நாட்களில் ஸ்பின்னிங் கூடத்துச் சத்தத்தையும் மீறி ஒரு கூச்சல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும். பவுண்டரியா விக்கெட்டா என்பதை அந்தக் கூச்சலை வைத்தே சொல்லிவிடலாம். ரிக்‌ஷாக்காரர் கேட்காமலே ஸ்கோர் சொல்வார். தோற்ற மறுநாள் டீக்கடையில் காரணங்கள் அலசப்படும். மழைநாடு, பாதி வருடம் மைதானம் தண்ணீரில் கிடக்கிறது என்பார் ஒருவர். தேர்வு சரியில்லை என்பார் இன்னொருவர். கடைசி நேரத்தில் கை நடுங்குகிறது என்பார் டீ ஆற்றுகிறவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மைதானத்தைப் பற்றி. அதில் நானும் சம்பந்தப்பட்டிருக்கிறேன்.

2

எங்கள் மில்லுக்குப் பின்னால், பஞ்சு குடோனுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு மைதானம் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் சுற்றுவட்டாரத்து எட்டு மில்கள் அங்கே கோப்பைக்காக ஆடும்.

வந்த புதிதில் எனக்கு அங்கே வேலையில்லை. என் பெயரே 'இந்தியன் ஸார்'தான். உள்ளூர்க்காரனுக்குக் கிடைக்க வேண்டிய நாற்காலியில் வெளியாள் உட்கார்ந்திருக்கிறான் என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு இருந்தது. தவறு என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் வெளியாள் வந்து உட்கார்ந்தாலும் அப்படித்தான் பேசுவோம். கேண்டீனில் நான் தட்டை எடுத்துப் போய் உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும்.

கோவையில் கல்லூரி அணிக்கு விக்கெட் கீப்பராக இருந்தவன் நான். அது எப்படியோ தெரிந்து, ஏழு வருடத்துக்கு முன் எங்கள் பொது மேலாளர் கமால் ஸார் என்னைப் போட்டிக் குழுவுக்குச் செயலாளராக்கினார். எங்கள் அணியில் வேகமாகப் பந்து வீசுகிறவர் யாருமில்லை. இடதுகைச் சுழற்பந்து போடுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் ஷோஹேல். என் பிரிவிலேயே ஃபிட்டர். முதல் ஆட்டக்காரனாக பேட்டும் செய்வான்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் மொத்தலிப் பாய். பஞ்சு மூட்டை தூக்கி முதுகு போனதால் குடோனிலிருந்து மைதானத்துக்கு மாற்றப்பட்டவர். ஆற்றங்கரைக் களிமண்ணை லாரியில் கொண்டுவந்து, சல்லடையில் சலித்து, ஆடுகளத்தைத் தன் கையால் போட்டவர். முதல் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அவரிடம் போனேன்.

"பாய், புல்லை முழுசா எடுத்துடுங்க. ரோலர் ஓட்ட வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் லேசா தண்ணி தெளிங்க."

அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அப்படிச் செஞ்சா பந்து செத்துப்போகுமே ஸார். எந்திரிக்கவே எந்திரிக்காது."

"அதுதான் வேணும்."

"ரெண்டு வாரம் கொடுத்தா கல்லு மாதிரி போட்டுத் தர்றேன். பந்து நெஞ்சுக்கு வரும்."

"நெஞ்சுக்கு வந்தா நம்மாளுக ஆட மாட்டாங்க பாய்."

அவர் மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார். சொன்னதைச் செய்தார். எதிரணியின் வேகப்பந்துகள் ஆடுகளத்தில் விழுந்து சோர்ந்து வந்தன. எங்கள் மூவர் போட்ட பந்து தாழ்ந்து, நின்று, திரும்பியது. கோப்பை எங்களுக்கு.

அன்று மத்தியானம் கேண்டீனில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஷோஹேல் ஒரு ரசகுல்லாவை என் வாயில் திணித்துவிட்டு, "ஆமாதேர் ஷுந்தொர் பாய்" என்றான். 'நம்ம சுந்தர் அண்ணன்' என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் என்னைப் பற்றி அந்த 'ஆமாதேர்' என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த ஐந்து வருடமும் புல்லை எடுக்கச் சொன்னேன். ஆறு கோப்பைகள் வரிசையாக கமால் ஸாரின் அறையில் நிற்கின்றன.

3

என் மகள் யாழினி பிறந்தது கோவையில். தலைப்பிரசவத்துக்கு மல்லிகா தாய்வீடு போயிருந்தாள். எட்டு மாதக் குழந்தையாகக் காஜிபூருக்கு வந்தவளுக்குப் போன வருடம் பதினாறு முடிந்தது. வங்காளத்தில் 'ய' பெரும்பாலும் 'ஜ' ஆகிவிடும். 'ழ' அவர்களுக்குக் கிடையாது. பள்ளியில் அவள் ஜாலினி. முதலில் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பில் விட்டுவிட்டாள். ஐந்தாம் வகுப்பில் வீட்டுக்குப் போன் செய்து, "ஹலோ, நான் ஜாலினி பேசறேன்" என்று அம்மாவிடமே சொன்னாள்.

அவளுக்குக் கிரிக்கெட் வந்தது எங்கள் மில் மைதானத்தில்தான். பள்ளி விடுமுறை நாட்களில் ஷிஃப்ட் முடிந்து வரும் ஷோஹேல் பந்து போடுவான், மொத்தலிப் பாய் பந்து பொறுக்கிப் போடுவார், இவள் மணிக்கணக்கில் ஆடுவாள். எந்தப் பந்துக்கும் முன்காலை நீட்டி, குனிந்து, தரையோடு கூட்டித் தள்ளுவாள். பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் அவளை எளிதில் அவுட்டாக்க முடியவில்லை. இந்தியா - வங்கதேசம் ஆட்டம் வந்தால் வீட்டில் நானும் மல்லிகாவும் ஒரு சோபாவில், அவள் மட்டும் எதிரில் தனியாக. 'ஆமாதேர்' என்ற சொல்லை அவள் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. அது அவளிடம் சும்மாவே இருந்தது.

பெண்கள் மாவட்ட அணித் தேர்வுக்குப் பள்ளியில் அவள் பெயரைக் கொடுத்தார்கள். கூட்டிக்கொண்டு போனேன். காலையில் எல்லாரையும் ஆட விட்டுப் பார்த்தார்கள். மத்தியானம் காகிதங்கள். பிறப்புப் பதிவு எண் எழுதும் இடத்தில் அவளிடம் எழுத ஒன்றுமில்லை. அங்கிருந்த பெரியவர் எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். குடியுரிமை இல்லாமல் எழுத வழியில்லை என்பதை இரண்டு மூன்று விதமாக, வருத்தத்தோடு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி விதிதான்.

காரில் வரும்போது அவள் கால் பேடைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

மல்லிகா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன கண்ணு சொன்னாங்க?"

"நல்லா ஆடறேன்னாங்க. நம்பர் இல்லைன்னாங்க."



4

ஈத் பண்டிகைக்கு எங்கள் மில் பத்து நாள் நிற்கும். நான் ஊருக்கு வர முடிவது அப்போதுதான். போன வருடத்து ஈத்துக்கு டாக்காவிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் கோவை. கருமத்தம்பட்டியில் மல்லிகாவின் தம்பி பிரபு வீட்டில் தங்கினோம்.

வந்த அன்று காலை யாழினி சமையலறைக்குள் போய்ப் பிரபுவின் மனைவி கீதாவிடம் கேட்டாள். "அத்தை, எனக்குத் தண்ணி சாப்பிடணும். இருக்குங்களா?"

கீதா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக, "எத்தன நாளா கண்ணு இந்தப் பழக்கம்?" என்றாள்.

வங்காளத்தில் தண்ணீரைக் குடிப்பதில்லை; சாப்பிடுவார்கள். இவள் அதை அப்படியே தமிழில் போட்டுவிட்டாள். மல்லிகா விளக்கிச் சொன்ன பிறகுதான் கீதாவுக்கு மூச்சு வந்தது. "ஏனுங் அண்ணி, வயித்துல புளியக் கரச்சுப்போட்டா உங்க புள்ள" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தோம். யாழினி சிரித்தாலும் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். நான் கவனித்தேன். பதினெட்டு வருடத்துக்கு முன் காஜிபூரில் நான் செய்தது அது.

பிரபு உடற்கல்வி ஆசிரியர். சோமனூர் போகும் வழியில் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, வலை கட்டி, பள்ளி கல்லூரிப் பெண்களுக்குக் கிரிக்கெட் பயிற்சி கொடுக்கிறான். செம்மண் ஆடுகளம் இரண்டு. இரண்டாம் நாள் காலை அங்கே கூட்டிப்போனான்.

பந்து வீச வந்தவள் ரெஹானா. உக்கடத்தில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. கல்லூரி இரண்டாம் வருடம். அமைதியான பெண். ஓடி வரும்போது மட்டும் வேறு ஆள்.

முதல் பந்துக்கு யாழினி வழக்கம்போல் முன்காலை நீட்டினாள். பந்து தரையில் பட்டு எழும்பி அவள் கையுறையில் அடித்தது. இரண்டாவதும் அப்படியே, மட்டையின் மேல்முனையில் பட்டுத் தலைக்கு மேல் கிளம்பியது. மூன்றாவது விலாவில். நான்காவதற்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பந்து ஹெல்மெட்டின் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது.

ரெஹானா ஓடி வந்தாள். "அடி எதும் பட்டுச்சா? வேணும்னா வெசையைக் கொறச்சுப் போடட்டுங்களா?"

"வேண்டாம்" என்றாள் யாழினி. "அப்படியே போடுங்க."

இன்னும் ஒரு பத்து நிமிடம் ஆடினாள். ஒரு பந்துகூட மட்டையின் நடுவில் படவில்லை. வெளியே வந்து, வலையோரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"எனக்கு பேட்டிங் வராதாப்பா?"

"யார் சொன்னது?"

"அங்க பந்து முட்டிக்கு மேல வராது. நான் பாத்ததே இல்ல. இது பந்து மாதிரியே இல்லப்பா, வேற ஏதோ."

பிரபு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து நின்றான். "ஏனுங் மச்சான், புள்ளைக்குக் கண்ணு நல்லா இருக்குது, கையி நல்லா இருக்குது. பின்கால்ங்கற ஒண்ணு இருக்கறதையே யாரும் சொல்லித் தரலையாட்ட இருக்குதே. எந்தப் பிட்ச்சுலீங்க ஆடிப் பழகுனா?"

"எங்க மில்லுது."

"அத்தனை சொதசொதன்னு ஒரு பிட்ச்ச எவன் போடச் சொன்னான்?"

யாழினி கழற்றி வைத்த ஹெல்மெட்டை எடுத்து அதன் கம்பியைத் துடைத்தேன்.

"நாந்தான் மாப்ள."

அவன் என்னைப் பார்த்தான். யாழினியும் பார்த்தாள். ஒளிக்காமல் சொன்னேன். மூன்று சுழற்பந்துக்காரர்கள், புல், தண்ணீர், ஆறு கோப்பை, எல்லாம். சொல்லும்போதுதான் எனக்கே ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரிந்தது. எங்களைப் பார்த்து மற்ற ஏழு மில்காரர்களும் தங்கள் இடத்தில் அதே மாதிரி ஆடுகளம் போட ஆரம்பித்தார்கள். அந்த வட்டாரத்தில் வேகமாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தவர்கள் பலனில்லை என்று மெதுபந்துக்கு மாறினார்கள். மில் அணிகளில் நன்றாக ஆடுகிறவனுக்குத்தான் மேலே போகும் வழி திறக்கும். மேலே போனவன் முட்டிக்குமேல் வந்த பந்தைப் பார்த்திருக்க மாட்டான். வெளிநாட்டில் நெஞ்சுக்கு நேராக வரும்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பான். டிவி முன்னால் உட்கார்ந்து, "பின்னால போடா, பின்னால போ" என்று கத்திக்கொண்டிருப்பவனும் நான்தான்.

"கப்புக்காகவாப்பா?" என்று யாழினி கேட்டாள்.

கேண்டீனில் ஷோஹேல் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "நம்ம ஆளுன்னு சொல்லுவாங்கன்னு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தன் விலாவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி வலைக்குள் போனாள். மிச்சமிருந்த ஆறு நாளும் காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து பிரபுவோடு கிளம்பிப் போனாள்.

5

திரும்புவதற்கு முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "பரீட்சை முடிஞ்சதும் நான் இங்க வந்து பதினொண்ணு படிக்கறேன். மாமா ஊட்டுல இருந்துக்கறேன்."

மல்லிகா சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். "அதென்ன திடுதிப்புன்னு? உனக்குத் தமிழ்ல நாலு வரி எழுத வருமா அம்மணி?"

"கத்துக்கறேன்."

"உன்ற சிநேகிதிக எல்லாம் அங்கல்ல இருக்காங்க?"

"தெரியும்மா." அவள் கண் கலங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "அங்க எனக்கு நம்பர் இல்ல. இங்க எனக்கு பந்து தெரியல. நம்பரைக் கத்துக்க முடியாது. பந்தைக் கத்துக்கலாம்."

என் பயம் வேறு மாதிரி இருந்தது. வங்காளம் பேசிப் பேசி அந்த ஊர்ப் பெண்ணாகிவிடுவாள், ஒரு நாள் ஊருக்கு வரமாட்டேன் என்பாள் என்று. இவள் ஊருக்கே போய்விட்டாள். நான் விட்டுவிட்டு வந்த ஊருக்கு, என்னை இங்கே விட்டுவிட்டு. ஜூன் மாதம் கொண்டுபோய் விட்டேன். பிறப்புச் சான்றிதழ் கோவை மாநகராட்சியுடையது என்பதால் பள்ளியில் ஒரு நாளில் சேர்த்துக்கொண்டார்கள். அத்தனை சுலபமாக ஒரு காகித வேலை முடிந்து நான் பார்த்ததில்லை.

போகும்போது அவள் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள். "அந்தப் பிட்ச்ச மாத்துவீங்களா?"

"பாக்கறேன்" என்றேன்.

"பாக்கறேன்னா செய்ய மாட்டீங்க."

"செய்யறேன்."

6

மழை நின்றதும் அக்டோபரில் மொத்தலிப் பாயிடம் போனேன். குளக்கரையில் மீன்வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லு மாதிரி ஒண்ணு போட்டுத் தர்றேன்னு சொன்னீங்களே பாய். போட முடியுமா?"

"ஆறு வருசம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா?" என்றார். கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. "பெரிய ரோலர் வேணும். ரெண்டு வாரம் யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது. புல்லை நான் சொல்ற அளவுக்கு விடணும்."

புதுக் கட்டிடம் கட்ட வந்த காண்டிராக்டரிடம் சாலை ரோலர் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நடு ஆடுகளத்தையும் ஓரத்தில் ஒன்றையும் மொத்தலிப் பாய் புதிதாகப் போட்டார். காலையும் மாலையும் ஈரம் பார்த்து ரோலர் ஓட்டினார். டிசம்பர் கடைசியில் பந்தை அதில் ஓங்கிப் போட்டுக் காட்டினார். அது என் தோளைத் தாண்டிப் போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கமால் ஸாரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் கோப்பைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தோத்துடுவோமா?"

"இந்த வருசம் தோக்கலாம் ஸார்."

"எம்.டி. கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

அணிக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தேன். மூன்று வாரத்தில் ஆறு வருடப் பழக்கம் போகுமா. ஜனவரியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். எதிரணியில் ஒருவன் முன்பு வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தவன், பிறகு மெதுபந்துக்கு மாறியவன். ஆடுகளத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, ஓடி வரும் தூரத்தை நீட்டிக்கொண்டு வந்தான். ஷோஹேல் இரண்டாவது பந்தில் அவுட். முன்காலை நீட்டினான், பந்து மார்பு உயரத்துக்கு வந்தது, மட்டையை அவசரமாகத் தூக்கினான், ஸ்லிப்பில் நின்றவனுக்கு எளிதான கேட்ச். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதே மாதிரி. குடோன் சுவரோரம் உட்கார்ந்திருந்த எங்கள் தொழிலாளர்கள் கூச்சல் போடக்கூட இல்லை. பாதியில் எழுந்து போனார்கள்.

ஆட்டம் முடிந்து நான் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஷோஹேல் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நான் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பான்.

"ஆறு வருசம் நம்மாளா இருந்தார். கடைசியில இந்தியன் புத்தியைக் காட்டிட்டார்."

அன்று கேண்டீனுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்டம்புகளைக் கழுவி வைத்தேன். மல்லிகா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இத்தன வருசம் நல்ல பேரு வாங்குனது எதுலீங்க? நூலு ஓட்டுனதுலயா, புல்லுப் புடுங்குனதுலயா?" என்றாள். பதில் அவளுக்கும் தெரியும்.

யாழினிக்குப் போன் செய்தேன். கோவையில் அவள் மாவட்ட அணியின் பயிற்சி முகாமில் இருந்தாள். அணிக்குள் இன்னும் எடுக்கவில்லை. தோற்றதைச் சொன்னேன். ஷோஹேல் சொன்னதையும் சொன்னேன்.

"ஷோஹேல் பாயைத் திட்டிப்போடாதீங்கப்பா" என்றாள். "எனக்கும் அன்னைக்கு உங்க மேலதான் கோவம் வந்துச்சு."

அடுத்த வாரம் குழு கூடியது. செயலாளர் பொறுப்பு கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவருக்குப் போனது. நடு ஆடுகளத்தில் பழையபடி புல்லை எடுக்கச் சொன்னார்கள். மொத்தலிப் பாய் எடுத்தார். ஓரத்தில் இருந்ததைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாததால் அதை அவர் தொடவில்லை.

7

இப்போது மில்லில் வேலை வழக்கம்போல் போகிறது. கேண்டீனில் என் மேசையில் பேச்சு நிற்பதில்லை, ஆனால் யாரும் கூப்பிட்டு உட்கார வைப்பதும் இல்லை. அதிகாரி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாததற்கு இதெல்லாம்தான் காரணம். ஒரு நாடு ஏன் தோற்கிறது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு மைதானத்தில் ஜெயிப்பதற்காக நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லலாம். என்னைப் போல எத்தனை மைதானத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு நாள் இரண்டு மணி ஷிஃப்ட் முடிந்து மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். ஓரத்து ஆடுகளத்தில், பின்னால் ஒரு பழைய வலையைக் கட்டிவிட்டு ஷோஹேல் தனியாக நின்றிருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய ஹெல்மெட் அவன் தலைக்குப் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் மட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஸார், கொஞ்ச நேரம் போடுவீங்களா?"

ஜனவரியில் சொன்னதைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பாதித் தூரத்தில் நின்றுகொண்டு, தோள் பலத்தோடு பந்தை அவனுக்கு முன்னால் குத்தினேன். முதல் பந்து கையுறையில் பட்டது. அடுத்தது முழங்கையில். மூன்றாவது விலாவில் பட்டு அவன் குனிந்து நின்றான். போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கையை உயர்த்தி வேண்டாம் என்றான்.

நான்காவது பந்துக்குப் பின்காலில் போனான். தலையை ஒதுக்கி, மட்டையைத் தாழ்த்தி, பந்தைத் தொடாமல் விட்டான். அது அவன் தாடைக்குப் பக்கமாகப் போய் வலையில் அடித்தது.

அவன் திரும்பி வலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஜாலினி இதை எத்தனை நாள்ல கத்துக்கிட்டா?"

"மூணு மாசம் ஆச்சுன்னு சொன்னா."

"எனக்கு முப்பத்தொண்ணு ஆயிடுச்சு ஸார். எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியல ஷோஹேல்."

அவன் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி நின்றான்.

"சரி, போடுங்க."